அவசர அறிவிப்பு காதில் விழுது... ஆனா புரியுதா? ஒலிபெருக்கி அமைப்பை வடிவமைக்க எந்த மென்பொருள் சரி?

"கவனியுங்கள்... கவனியுங்கள்..."

அதுவரை புரிந்தது. அதற்குப் பிறகு வந்தது வெறும் சத்தம்.

கடைத்தொகுதி ஒன்றில் தீ வெளியேற்றப் பயிற்சி நடந்தபோது நானும் அம்மாவும் அங்கே இருந்தோம். நடுவில் பல மாடி உயரத்துக்குத் திறந்தவெளி. சுற்றிலும் கண்ணாடி. கீழே பளபளக்கும் கல் தரை. ஒலிபெருக்கிகளுக்குப் பஞ்சமே இல்லை. காதைப் பிளக்கும் சத்தம். "என்னம்மா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அடுத்தடுத்து வந்த அறிவிப்புகள் எந்த மொழியில் என்பதுகூடச் சட்டென்று பிடிபடவில்லை.

பயிற்சிதானே என்று சிரித்துக்கொண்டே மற்றவர்கள் பின்னால் நடந்தோம். உண்மையான தீயாக இருந்திருந்தால்?

இப்படிப்பட்ட குழப்பம் பெரும்பாலும் அன்றைக்கு உருவாவதில்லை. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, வடிவமைப்பாளரின் கணினியில் அது முடிவாகிவிடுகிறது. அவர் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார், அதனிடம் என்ன கேள்வி கேட்டார் என்பதைப் பொறுத்தது அது.

அது எப்படி? பார்ப்போம்.

மணி அடித்தால் போதாதா?

போதாது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

பிரிட்டனின் நியூகாசல் நகரில், மானுமென்ட் சுரங்க ரயில் நிலையத்தில், பிரூ, சைம் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியேற்றச் சோதனைகள் நடத்தினர். முடிவுகள் 1991இல் வெளியாயின. மணி மட்டும் ஒலித்தபோது பயணிகள் நகரத் தொடங்கவே பல நிமிடங்கள் ஆயின. என்ன நடக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொன்னபோது நிலையம் வேகமாகக் காலியானது.

மணி "ஏதோ பிரச்சினை" என்று மட்டுமே சொல்லும். குரல்தான் "நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று சொல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: குரல் புரிய வேண்டும்.

சத்தம் வேறு, தெளிவு வேறு

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு. "இடப்பக்கம் செல்லுங்கள்", "வலப்பக்கம் செல்லுங்கள்". இரண்டுக்கும் வித்தியாசம் தொடக்கத்தில் வரும் இரண்டு எழுத்துகள்தான். எதிரொலியில் அந்த இரண்டு எழுத்துகள் கரைந்துபோனால் உங்களுக்குக் கேட்பது "...பக்கம் செல்லுங்கள்". எந்தப் பக்கம்?

பேச்சில் ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகளுக்குத்தான் வலு அதிகம். அவை தூரம் வரை கேட்கும். ஆனால் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டுபவை பெரும்பாலும் மெல்லிய மெய் ஒலிகள். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி அடுத்த எழுத்தின்மேல் வந்து விழும்போது முதலில் காணாமல் போவது அவைதான். அதனால்தான் "சத்தம் கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறோம்.

தெளிவுக்கும் மதிப்பெண் உண்டு

பேச்சுத் தெளிவை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் எஸ்டிஐ. ஸ்பீச் டிரான்ஸ்மிஷன் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம். 1970களின் தொடக்கத்தில் நெதர்லந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹவுட்காஸ்ட், ஸ்டேனகன் இருவரும் உருவாக்கியது. இன்று ஐஇசி 60268-16 என்ற அனைத்துலகத் தரநிலை அதை வரையறுக்கிறது.

கருத்து எளிமையானதுதான். நாம் பேசும்போது ஒலியின் வலு மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. எதிரொலியும் இரைச்சலும் அந்தப் பள்ளங்களை நிரப்புகின்றன. பள்ளம் எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு தெளிவு போய்விடும். 125 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசைப் பகுதிகளில் இதை அளந்து, கடைசியில் ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள்.

மதிப்பெண் 0 முதல் 1 வரை. பொதுவாக இப்படிப் பிரிக்கிறார்கள்:

- 0.30க்குக் கீழ்: மிக மோசம்
- 0.30 முதல் 0.45: மோசம்
- 0.45 முதல் 0.60: பரவாயில்லை
- 0.60 முதல் 0.75: நன்று
- 0.75க்கு மேல்: மிக நன்று

அவசர அறிவிப்புகளுக்குப் பொதுவாக 0.50ஐ ஒட்டியே இலக்கு வைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 தீ எச்சரிக்கை விதித்தொகுப்பின் பின்னிணைப்பு, ஒரு பகுதியில் அளக்கப்படும் இடங்களில் குறைந்தது 90 விழுக்காட்டில் 0.45ஆவது இருக்க வேண்டும், சராசரி 0.50ஆவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

வால்யூமைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

பலரும் முதலில் நினைப்பது இதுதான். ஓரளவு உதவும். ஆனால் சீக்கிரமே பயனற்றுப் போகும்.

சுற்றுப்புற இரைச்சலைவிடக் குரல் 15 டெசிபல் அதிகமாக இருந்தால், இரைச்சல் தொடர்பான மதிப்பெண் முழுமையாகக் கிடைத்துவிடும். அதற்கு மேல் கூட்டினால் கூடுதல் மதிப்பெண் இல்லை. மிக அதிகச் சத்தத்தில் நம் காதே குழம்பத் தொடங்கும் என்பதால் எஸ்டிஐ குறையவும் செய்யும்.

எதிரொலிக்கோ வால்யூம் மருந்தே அல்ல. குரலைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும்.

எதிரொலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின் 1890களில் தொடங்கிய ஆய்வில் கண்டுபிடித்த சூத்திரத்தால் தோராயமாகக் கணக்கிடலாம்: 0.161ஐ இடத்தின் கன அளவால் பெருக்கி, அங்குள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

10,000 கன மீட்டர் கொண்ட ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். உறிஞ்சும் பரப்பு 400 சதுர மீட்டர் என்றால் எதிரொலி அடங்க 4 விநாடி ஆகும். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தி அந்தப் பரப்பை 1,000 சதுர மீட்டராக்கினால் 1.6 விநாடிதான். 4 விநாடியில் நீங்கள் ஒரு முழு வாக்கியமே பேசிவிடலாம். அந்த வாக்கியத்தின் முதல் சொல் இன்னும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்!

ஆக, தெளிவு என்பது ஒலிபெருக்கி மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. இடம், பொருள், இரைச்சல் எல்லாம் சேர்ந்தது. இத்தனையையும் கட்டடம் கட்டுவதற்கு முன் கணிக்கத்தான் மென்பொருள் தேவைப்படுகிறது.

மென்பொருள்களில் மூன்று வகை

சந்தையில் பல பெயர்கள் உண்டு. ஆனால் அவை என்ன கணக்கிடுகின்றன என்று பார்த்தால் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

1. நேரடி ஒலியை மட்டும் பார்ப்பவை

ஒலிபெருக்கியிலிருந்து நேராக உங்கள் காதுக்கு வரும் ஒலி எங்கே எவ்வளவு என்று வண்ண வரைபடமாகக் காட்டும். ஜெர்மனியின் ஏஎஃப்எம்ஜி நிறுவனம் இலவசமாக வழங்கும் 'ஈஸ் ஃபோக்கஸ்' இந்த வகை. கற்றுக்கொள்வது சுலபம். திறந்தவெளிக்கும் ஒலிபெருக்கியின் கோணத்தைச் சரிபார்க்கவும் நல்லது. ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இதன் கணக்கில் இல்லை.

2. புள்ளியியல் முறையில் கணக்கிடுபவை

சபின் சூத்திரம் போன்றவற்றைக் கொண்டு எதிரொலி நேரத்தைக் கணித்து, அதிலிருந்து எஸ்டிஐயைத் தோராயமாகச் சொல்லும். ஒரு விரிதாளில்கூட இதைச் செய்யலாம். ஒலி கூடம் முழுவதும் சீராகப் பரவுகிறது என்பதுதான் இதன் அடிப்படை நம்பிக்கை. சாதாரண அறைகளுக்கு அது பொருந்தும். நீளமான சுரங்கப்பாதை, பல மாடித் திறந்தவெளி, ஒன்றோடொன்று திறந்து கிடக்கும் கூடங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

3. முப்பரிமாண அறை ஒலியியல் மென்பொருள்கள்

கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்துக்குள் ஆயிரக்கணக்கான ஒலிக் கதிர்களை ஏவி, அவை எங்கே பட்டு எப்படித் திரும்புகின்றன என்று பின்தொடரும். ஜெர்மனியின் 'ஈஸ்', டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கிய 'ஓடியான்', சுவீடனின் 'கேட் அகவுஸ்டிக்' ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. குரல்வழி வெளியேற்ற அமைப்புகளுக்கென்றே எளிமையாக்கப்பட்ட 'ஈஸ் இவாக்' என்பதும் ஏஎஃப்எம்ஜியிடம் உண்டு.

ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு வகையும் இருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஈஸில் புள்ளியியல் முறையிலும் வரைபடம் எடுக்கலாம். 'ஆரா' என்ற பகுதியைப் பயன்படுத்திக் கதிர் முறையிலும் எடுக்கலாம். ஒரே கூடத்துக்கு இரண்டும் வெவ்வேறு விடை தரக்கூடும். எனவே "ஈஸில் செஞ்சோம்" என்பது முழுமையான பதில் ஆகாது. எந்த முறையில் என்று கேட்க வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம் இவ்வளவு முக்கியம்?

ஒரு குத்தகைக்கு இரண்டு நிறுவனங்கள் போட்டியிடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று முதல் வகை மென்பொருளில் எடுத்த அழகான வரைபடத்தைக் காட்டுகிறது. கூடம் முழுக்க ஒரே பச்சை. 12 ஒலிபெருக்கி போதும் என்கிறது. இன்னொன்று மூன்றாம் வகையில் கணித்து, கூரைக்கு ஒலி உறிஞ்சும் பலகை வேண்டும், வேறு வகை ஒலிபெருக்கியும் வேண்டும் என்கிறது. செலவு அதிகம்.

படத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். அந்தப் பச்சை, சத்தம் போதுமா என்பதற்கான பச்சை. புரியுமா என்ற கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. உண்மை தெரியவரும்போது கூரை மூடப்பட்டிருக்கும், கடைகள் திறந்திருக்கும். அதற்கு மேல் மாற்றுவது சாதாரண வேலையா?

தேர்ந்தெடுக்கும் முன் 6 கேள்விகள்

1) எதிரொலியையும் இரைச்சலையும் சேர்த்து எஸ்டிஐயைக் கணக்கிடுமா?
இல்லையென்றால் உள்ளரங்க அவசர அமைப்புக்கு அது துணைக் கருவி மட்டுமே. எஸ்டிஐ தரநிலை பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 5ஆம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. மென்பொருள் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்றும் பாருங்கள்.

2) நீங்கள் வாங்கப்போகும் ஒலிபெருக்கியின் தரவு கிடைக்குமா?
ஒவ்வோர் ஒலிபெருக்கியும் எந்தத் திசையில் எவ்வளவு ஒலிக்கும் என்ற தரவுக் கோப்பை உற்பத்தியாளர் தர வேண்டும். ஜிஎல்எல், சிஎல்எஃப் என்பவை பரவலாகப் பயன்படும் கோப்பு வகைகள். "கிட்டத்தட்ட இதே மாதிரி" வேறொரு மாடலை வைத்துக் கணக்கிட்டால் விடையும் கிட்டத்தட்டத்தான் வரும். ஒரே உற்பத்தியாளரின் பொருள்களை மட்டும் ஏற்கும் மென்பொருள் என்றால், பிற மாடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

3) கட்டட வடிவத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது?
கட்டடக் கலைஞரின் முப்பரிமாணக் கோப்பை அப்படியே இறக்கினால் கதவுக் கைப்பிடி வரை எல்லாமே வந்துவிடும். ஒலிக் கணக்குக்கு அது தேவையில்லை, நேரம்தான் வீணாகும். வடிவத்தை எளிமையாக்க வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய வேலைகளுக்கு மென்பொருளுக்குள்ளேயே வரைய முடிந்தால் போதும்.

4) இரைச்சலை அலைவரிசை வாரியாகக் கொடுக்க முடியுமா?
காலியான நிலையம் வேறு, காலை எட்டரை மணிக்கு ரயில் உள்ளே நுழையும் நிலையம் வேறு. புகை வெளியேற்றும் விசிறிகள் ஓடும்போது நிலைமை இன்னும் வேறு. அவசர நேரத்தில் அறிவிப்பு அந்த விசிறிச் சத்தத்தையும் தாண்டி வர வேண்டும்.

5) முடிவை எப்படிக் காட்டும்?
சராசரி மட்டும் போதாது. எத்தனை விழுக்காடு இடங்களில் இலக்கு எட்டப்பட்டது, எந்த மூலையில் எட்டப்படவில்லை என்று தெரிய வேண்டும். சராசரி 0.55 என்ற கூடத்தில், படிக்கட்டு வாசலில் மட்டும் 0.35 என்றால் என்ன பயன்?

6) காதால் கேட்டுப் பார்க்க முடியுமா?
சில மென்பொருள்கள் இன்னும் கட்டப்படாத கூடத்தில் அறிவிப்பு எப்படி ஒலிக்கும் என்று ஒலிப்பதிவாகவே தரும். 0.40க்கும் 0.55க்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டட உரிமையாளருக்கு எண்களால் விளக்குவது கஷ்டம். ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

எந்த இடத்துக்கு எது?

எல்லாவற்றுக்கும் விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை.

- தரைவிரிப்பும் ஒலி உறிஞ்சும் கூரைப் பலகைகளும் உள்ள சாதாரண அலுவலகம்: கைக்கணக்கே பெரும்பாலும் போதும். 90 பாகை கோணத்தில் ஒலிக்கும் கூரை ஒலிபெருக்கி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், நிற்பவரின் காது மட்டத்தில், அதாவது 1.5 மீட்டரில், சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தை அது எட்டும். அதை வைத்து எத்தனை வேண்டும் என்று எண்ணிவிடலாம்.

- வகுப்பறைகள், நடைபாதைகள், நடுத்தரக் கூடங்கள்: புள்ளியியல் முறை, அல்லது எளிமையாக்கப்பட்ட வெளியேற்ற அமைப்பு மென்பொருள்.

- ரயில் மேடை, விமான நிலையம், கடைத்தொகுதியின் நடுத் திறந்தவெளி, உள்விளையாட்டரங்கு, சாலைச் சுரங்கம்: முழுமையான முப்பரிமாண மென்பொருள். அதைவிட முக்கியம், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒலியியல் நிபுணர்.

உயரமான கூடங்களில் இன்னொரு சிக்கல். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 90 டெசிபல் என்றால் 16 மீட்டரில் 66தான். எதிரொலியோ கூடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரு தூரத்துக்கு மேல் எதிரொலி வென்றுவிடும். அங்கேதான் ஒலியை மெல்லிய கற்றையாக மக்கள் பக்கம் செலுத்தும் தூண் வடிவ ஒலிபெருக்கிகள் கைகொடுக்கின்றன.

தொலைவிலுள்ள ஒலிபெருக்கியின் குரல் தாமதமாக வந்து சேருவதையும் மென்பொருள் கணக்கில் எடுக்க வேண்டும். 17 மீட்டர் கூடுதல் தூரம் என்றால் சுமார் 50 மில்லிவிநாடி தாமதம். அதையும் தாண்டினால், தாமதமாக வருவது தனியான இன்னொரு குரலாகவே கேட்கத் தொடங்கும்.

மென்பொருள் சொன்னால் முடிந்ததா?

இல்லை. தவறான தகவலைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். கூரைப் பலகை எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்று நாம் கொடுத்த எண் தப்பாக இருந்தால், எவ்வளவு சிறந்த மென்பொருளும் தப்பாகத்தான் சொல்லும்.

அதனால் கட்டி முடித்த பிறகு அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஸ்டிபா என்ற சுருக்கமான எஸ்டிஐ சோதனை இருக்கிறது. சிறப்புச் சோதனை ஒலியை ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டு, கையடக்கக் கருவியோடு இடம் இடமாகப் போய் அளப்பார்கள். ஓர் இடத்துக்கு 15 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகலாம், அவ்வளவுதான். இரவில், ஆளில்லாத நேரத்தில் அளந்தால், பகல் நேர இரைச்சலைப் பிறகு கணக்கில் சேர்க்க வேண்டும். தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் உள்ள மைக் வழியாகவும் சோதிப்பது நல்லது. மைக் மோசமாக இருந்தால் மற்ற எதுவும் காப்பாற்றாது.

சிங்கப்பூருக்கு என்ன பாடம்?

கட்டடங்களில் அவசரக் குரல்வழித் தொடர்பு அமைப்புகளுக்கென சிங்கப்பூரில் எஸ்எஸ் 546 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியும் இருக்கிறது. அது மொழி.

தாய்மொழி அல்லாத மொழியில் கேட்பவருக்கு, அதே அளவு புரிய, இன்னும் உயர்ந்த எஸ்டிஐ தேவைப்படும். ஐஇசி தரநிலையே இதைக் குறிப்பிடுகிறது. முதுமையில் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் அப்படியே. ஆங்கிலத்தில் வளர்ந்த 25 வயது இளைஞருக்கு 0.50 போதலாம். தமிழிலேயே வாழ்ந்த என் அம்மாவுக்கு, ஊரிலிருந்து வந்து ஆறே மாதமான வெளிநாட்டு ஊழியருக்கு, அதே 0.50இல் வரும் ஆங்கில அறிவிப்பு பாதிதான் போய்ச் சேரும்.

நான்கு மொழிகளில் அறிவித்தால் இந்தச் சிக்கல் குறையும். ஆனால் நான்கையும் அவசர அவசரமாகப் படித்தால் நான்கும் புரியாது. எதிரொலி உள்ள இடத்தில் நிதானமாக, குட்டி வாக்கியங்களாக, இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். பேசுபவர் எவ்வளவு வேகமாகப் பேசுவார் என்பது எந்த மென்பொருளின் வரைபடத்திலும் தெரியாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பொறியியல், ஒலித் தொழில்நுட்பம் படிப்பவராக இருந்தால், இலவச மென்பொருளில் தொடங்குங்கள். உங்கள் பள்ளி மண்டபத்தையே வரைந்து பாருங்கள். பிறகு அது எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

கட்டட நிர்வாகத்தில் வேலை செய்பவரா? அடுத்த முறை யாராவது பச்சை நிற வரைபடத்தை நீட்டினால் ஒரே ஒரு கேள்வி: "இது சத்தத்துக்கா, தெளிவுக்கா?"

மற்றவர்களுக்கு: அடுத்த தீ வெளியேற்றப் பயிற்சியின்போது ஒரு நிமிடம் நின்று காது கொடுங்கள். அறிவிப்பு புரியவில்லை என்றால் கட்டட நிர்வாகத்திடம் எந்த மாடி, எந்த இடம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்துக்கொண்டே நடந்ததற்குப் பதிலாக அதைத்தான் செய்திருக்க வேண்டும்.